மோத்தி ராமின் ஜாமீன்: நீதிபதி கிருஷ்ணய்யரிடம் நான் கற்ற தொழில்

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரை நான் நேரில் பார்த்ததில்லை. 1980 நவம்பரில் அவர் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றபோது நான் பிறந்திருக்கவே இல்லை. 2014 டிசம்பர் 4ஆம் தேதி கொச்சியில் அவர் காலமானார். 99 வயது நிறைந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது நான் பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு கொங்கு ஊரில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜூனியராக இருந்தேன். நான் படித்த இரங்கல் குறிப்புகளில் பெரும்பாலானவை 1975இல் இந்திரா காந்தி வழக்கில் அவர் போட்ட உத்தரவைப் பற்றியே பேசின. எங்கள் சீனியர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம்மா. நம்ம கோர்ட்டுக்கு அவரு மோத்தி ராம் எழுதுன ஜட்ஜ்" என்றார்.

அன்று அதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை. தனியாகப் பிராக்டிஸ் தொடங்கிய பிறகு, நான் அடிக்கடி எடுத்துக்கொண்டு போய் நிற்பது அவருடைய தீர்ப்புகளோடுதான் என்று தெரிந்தது. அவற்றில் ஏழைகளின் அன்றாட வழக்குகளுக்குக் கைகொடுத்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். வழக்கறிஞர்களைவிட, வீட்டில் ஒருவர் உள்ளே போய்விட்டால் திகைத்து நிற்கும் குடும்பங்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

மோத்தி ராமிலிருந்தே தொடங்குகிறேன். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் அவர். உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டு, தொகை விவரங்களைத் தலைமை நீதித்துறை நடுவரிடம் விட்டது. நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். மோத்தி ராமின் சகோதரர் முன்வந்தார். அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அவரை ஏற்க மறுத்துவிட்டார்கள். 1978இல் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் என்பது என்ன தொகை என்று யோசித்துப் பாருங்கள். வழக்கு திரும்பவும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம் (ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதித் தரும் பத்திரம்) எழுதி வாங்கிக்கொண்டு அவரை விடுவிக்கும்படி கிருஷ்ணய்யர் உத்தரவிட்டார். அதோடு ஒரு கேள்வியும் கேட்டார்: ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால், உள்ளூர் ஜாமீன்தாரருக்கு அவர் எங்கே போவார்? வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

அந்தக் கேள்வி எங்கள் ஊரில் தலைகீழாகத் திரும்பி வந்து நிற்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று பல ஊர்ப் பிள்ளைகள் இங்கே பிழைக்க வந்திருக்கிறார்கள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஓர் ஒடிசாப் பையனை, அறையில் செல்போன் காணாமல்போன விஷயத்தில் ரிமாண்ட் செய்திருந்தார்கள். ஜாமீன் கிடைத்துவிட்டது. நிபந்தனைதான் பிரச்சினை: தலா பத்தாயிரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர், இருவரும் உள்ளூர்க்காரர், சொந்தச் சொத்து உள்ளவர். உத்தரவு கோர்ட் ஃபைலில் கிடந்தது, பையன் கிளைச் சிறையில் கிடந்தான். அவனோடு தங்கியிருந்த சூப்பர்வைசர் ஒருநாள் என் ஆபீஸுக்கு ஓடி வந்தார். "மேடம், அவனோட அண்ணன் ரயில் ஏறி வந்துட்டானுங்க. ஊர்ல இருக்கற நெலப் பத்திரத்தைக்கூடக் கொண்டாந்துட்டானுங்க" என்றார். பத்திரம் ஒடியா எழுத்தில் இருந்தது. அதைக் கோர்ட் ஆபீசில் கொடுத்தபோது வாங்கவே இல்லை. "லோக்கல் ஷூரிட்டி கொண்டாங்க மேடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வளாகத்துக்கு வெளியே, காசுக்கு ஜாமீன் போட ஆள் ஏற்பாடு செய்கிறவர்கள் இருப்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அவர்களிடம் போனால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஒரே ஆள் எத்தனை வழக்கில் ஜாமீன் போட்டிருக்கிறார் என்பது பிற்பாடு தெரியவந்தால், வழக்கு அந்தப் பையன் தலையிலேயே இன்னும் சிக்கலாக விடியும். மோத்தி ராம் தீர்ப்பிலேயே கிருஷ்ணய்யர், குஜராத்தில் நீதிபதி பகவதி தலைமையிலான குழு சொன்னதை எடுத்துக் காட்டுகிறார். பண ஜாமீன் முறை ஏழையைத் தரகர்களிடமும் தொழில்முறை ஜாமீன்தாரர்களிடமும் கடனிலும் தள்ளிவிடுகிறது என்று அந்தக் குழு சொல்லியிருந்தது. பகவதி குழுவின் அறிக்கை 1971இல் வந்தது. அது சொல்லும் காட்சியை எங்கள் கோர்ட் வாசலில் இன்றும் பார்க்கலாம்.

நிபந்தனையைத் திருத்தக் கேட்டு மனுப் போட்டேன். அண்ணனின் ஆதார், ஊர்த் தலைவர் கடிதம், நிலப் பத்திரத்தின் தமிழாக்கம், கம்பெனியில் பையனுக்கு மறுபடி வேலை தருவதாக ஒரு கடிதம், மோத்தி ராம் தீர்ப்பின் நகல் ஆகியவற்றை இணைத்திருந்தேன். மாஜிஸ்திரேட், மோத்தி ராம் தீர்ப்பில் நான் கோடிட்டிருந்த பத்தியை மட்டும் படித்தார். "தமிழர்னு எழுதியிருக்காரே" என்றார். ஆமாம் ஐயா, அந்த இடத்தில் ஒடிசாக்காரர் என்று போட்டுப் படித்தால் எங்கள் வழக்கு என்று சொன்னேன். அண்ணனை ஒரே ஜாமீன்தாரராக ஏற்று, தொகையையும் குறைத்து உத்தரவு போட்டார். பையன் அன்று மாலையே வெளியே வந்தான்.

இந்த வேலையில் நான் கற்றவை சிலவற்றைச் சொல்கிறேன். ஜாமீன் மனு எழுதும்போதே, ஆள் யார், என்ன கூலி, குடும்பம் எங்கே, யார் ஜாமீன் போட முடியும் என்பதை எழுதிவிட வேண்டும். உத்தரவு வந்த பிறகு திருத்தம் கேட்பதைவிட முதலிலேயே சரியான நிபந்தனை வாங்குவது எளிது. ஜாமீன் தொகை ஆளின் நிலைமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மிகையாக இருக்கக்கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 484ஆவது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 440. தொகையைக் குறைக்கச் செஷன்ஸ் கோர்ட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கருதலாம். அவரைச் சொந்தப் பிணைப்பத்திரத்தில் விட வேண்டும் என்று 478ஆவது பிரிவில் இருக்கிறது. இதைச் சொல்லிக் கேட்டால்தான் பல இடங்களில் நடக்கும்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு உதவி செய்தது. ஜாமீன் உத்தரவின் மின்நகல் அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனைதான் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று அதிலும் சொல்லியிருக்கிறது. மோத்தி ராமுக்கு 45 வருடம் கழித்து! இதே 2023இல் ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசின் நிதித் திட்டமும் வந்தது. விசாரணைக் கைதிக்கு அதில் பண உதவி கேட்கலாம். அதற்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில்தான் விசாரிக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்கள் என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள். சிறையைவிட ஜாமீனே விதி என்று 1977இல் பால்சந்த் வழக்கில் கிருஷ்ணய்யர் எழுதியதை வழக்கறிஞர்கள் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அந்தத் தீர்ப்பு மிகச் சின்னது. ஜாமீன் வாதத்தில் அதைச் சொல்லாத நாள் எனக்குக் குறைவு.

இவருக்கு மட்டும் ஏன் இப்படித் தோன்றியது என்று நான் யோசித்ததுண்டு. 1915 நவம்பர் 15 அன்று பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில் தமிழ் ஐயர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் வக்கீல். தலச்சேரி பாசல் மிஷன் பள்ளி, பாலக்காடு விக்டோரியா கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பிறகு சென்னை சட்டக் கல்லூரி என்று படித்துவிட்டுத் தலச்சேரியில் வக்கீல் தொழில் தொடங்கினார். மலபாரில் விவசாயிகளும் தொழிலாளர்களும் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்காக வாதாடினார். 1948இல் கம்யூனிஸ்ட்டுகளுக்கு உதவியதாகச் சொல்லி அவரையே பிடித்து விசாரணையில்லாமல் ஏறத்தாழ ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் சட்டத்தோடு மின்சாரம், நீர்ப்பாசனம், சிறைத் துறைகளையும் பார்த்தார். கைதியாகச் சிறைக்குள் இருந்தவர், பின்பு அமைச்சராக அதே துறையை நடத்தியவர், அதன் பிறகு நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று பக்கமும் பார்த்த கண் வேறு எந்த நீதிபதிக்கு இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தண்டனை, சிறை பற்றிய அவருடைய தீர்ப்புகளைப் படித்தால், சுவருக்குள் என்ன நடக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை என்பது தெரியும்.

1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1971 முதல் சட்ட ஆணையத்தில் உறுப்பினர். 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். அரசியல்வாதியாக இருந்தவரை அங்கே உட்கார வைக்கக்கூடாது என்று பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். சோலி சொராப்ஜியும் அவர்களில் ஒருவர். அந்த எதிர்ப்பு தவறு என்று சொராப்ஜி பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார்.

அடுத்தது கடிதம். தில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியை ஒரு வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வக்காலத்து இல்லை, கோர்ட் கட்டணம் இல்லை, பிரமாணப் பத்திரம் இல்லை. அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பு கிருஷ்ணய்யர் எழுதியது. வழக்கறிஞர்களை நியமித்துச் சிறைக்கே அனுப்பி உண்மையை விசாரிக்க வைத்தார்கள். சிறையில் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், மாவட்ட நீதிபதி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கைதிகளுக்கு அவர்கள் உரிமைகளை அவர்கள் மொழியில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு முன் 1978இல் அதே சுனில் பத்ரா தனிமைச் சிறையை எதிர்த்துப் போட்ட வழக்கில், சிறைக்குள் போனாலும் அடிப்படை உரிமைகள் கைதியை விட்டுப் போய்விடுவதில்லை என்று அரசியல் சாசன அமர்வு சொல்லியிருந்தது. கைவிலங்கு பற்றிய பிரேம் சங்கர் சுக்லா வழக்கு ஒரு தந்தியில் தொடங்கியது.

எனக்கு இது வெறும் வரலாறாக இருக்கவில்லை. ஒரு கைதியின் அம்மா ஒருநாள் வந்தார். மகனுக்கு உள்ளே உடம்பு மோசமாகிக்கொண்டு போகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை என்று அழுதார். "வக்கீலம்மா, பெட்டிசன் போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. மகனைப் பார்த்தபோது என்ன கண்டாரோ அதைத் தன் வாயால் சொல்கிறபடியே எழுதச் சொன்னேன். பேரனின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிக் கொண்டுவந்தார். மாவட்ட நீதிபதிதான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் என்பதால் அவர் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சில நாளில் சிறை மருத்துவரிடம் அறிக்கை கேட்கப்பட்டது, மகனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கோபத்தைவிட விவரம் முக்கியம். கைதியின் பெயர், அப்பா பெயர், எந்தச் சிறை, கைதி எண், வழக்கு எண், எந்தக் கோர்ட். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒரே வரியில். தபால் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் அனுப்பக் கூடாது. சிறை அதிகாரியை வசை பாடினால் படிக்கிறவரின் கவனம் அங்கே போய்விடும்.

இலவச சட்ட உதவி விஷயத்தில் பலரும் நினைப்பதைவிட நம் உரிமை பெரியது. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் கிருஷ்ணய்யரும் ஒருவர். அவர் தலைமையிலான நிபுணர் குழு 1973இல் சட்ட உதவி பற்றி அறிக்கை கொடுத்தது. 1976இல் அரசியல் சாசனத்தில் இலவச சட்ட உதவி பற்றிய 39ஏ பிரிவு சேர்ந்தது. 1978இல் ஹோஸ்கோட் வழக்கில், சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பு நகல் காலத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதினார். அந்த வழக்கில் மேல்முறையீட்டுக்கு வந்தவர் தோற்றுத்தான் போனார். ஆனால் அவருக்குத் தீர்ப்பு நகல் வந்து சேர வருடக்கணக்கில் ஆனது கிருஷ்ணய்யரை உறுத்தியிருக்கிறது. 1987இல் வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கணவனோடு வழக்கு நடத்தும் பெண்களில் எத்தனையோ பேர் தாலிச் செயினை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய பிறகுதான் என்னிடம் வந்து இதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு விசாரிக்கலாம், கட்டணம் இல்லை. இலவச வக்கீல் சரியாகப் பார்க்க மாட்டார் என்ற பயம் மக்களுக்கு இருக்கிறது. அந்தப் பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். வக்கீல் சரியில்லை என்றால் ஆளை மாற்றித் தரும்படி ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்கலாம்.

பெண்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 1978இல் ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி வழக்கில், விசாரணையில் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைக் காவல் நிலையத்துக்கும் கிருஷ்ணய்யர் விரித்தார். பெண்ணை வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்தை மீறி அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதையும் கண்டித்தார். முன்னாள் முதலமைச்சருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம். இன்றைய பி.என்.எஸ்.எஸ். 179ஆவது பிரிவு, சாட்சி விசாரணைக்குப் பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. எழுபது வயதுப் பாட்டியை ராத்திரி ஏழு மணிக்கு வரச் சொன்ன ஒரு ஸ்டேஷனுக்கு நான் போன் செய்தேன். "சும்மா ரெண்டு கேள்விதான் மேடம்" என்றார் ஏட்டு. "அப்ப நாளைக்குக் காலையில வீட்டுக்கே வாங்கண்ணா, நானும் இருக்கேன். காப்பி குடிச்சுட்டே கேக்கலாம்" என்றேன். வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். சண்டை போடாமல் பிரிவின் எண்ணைச் சொன்னாலே பல நேரம் வேலை நடக்கிறது.

கடன்காரர்களுக்கும் அவர் ஒரு தீர்ப்பு விட்டுப் போயிருக்கிறார். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின், 1980. விசைத்தறி ஓட்டி நொடித்துப்போனவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. பணத்தைக் கட்டச் சொல்லிக் கோர்ட் டிக்ரி ஆகி, எதிர்த்தரப்பு அதை நிறைவேற்றக் கேட்டு ஈ.பி. என்ற மனுப் போட்டு அரெஸ்ட் கேட்டதும், நோட்டீஸைப் பார்த்த அன்றே வீட்டை விட்டு ஓடிவிடுகிறார்கள். ஓடக் கூடாது. கையில் பணம் இல்லாததற்காக மட்டும் ஒருவரைச் சிவில் சிறையில் போட முடியாது. கொடுக்க வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தில் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே குறித்த தேதியில் ஆஜராகி, வருமானம், சொத்து, மருத்துவச் செலவு, மற்ற கடன்கள் எல்லாவற்றையும் ஆதாரத்தோடு வைத்து எதிருரை போட வேண்டும். ஓடி ஒளிந்தவரைப் பார்த்து, வசதி இருந்தும் கட்டவில்லை என்று கோர்ட் நினைப்பது இயல்பு. பெண்களைப் பண டிக்ரிக்காக அரெஸ்ட் செய்யவே முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 56ஆவது பிரிவு சொல்கிறது. இதைத் தெரியாமல் கணவன் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட பெண்கள் தூக்கமில்லாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தெருச் சாக்கடைக்கும் அவரிடம் வழி இருக்கிறது. ரத்லம் நகராட்சி வழக்கு, அதுவும் 1980. திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, கழிப்பிடம் இல்லாத தெரு. காசில்லை என்றது நகராட்சி. மனிதர் வாழத் தகுந்த நிலையைச் செய்து கொடுக்கும் கடமையைக் காசில்லை என்று தட்டிக் கழிக்க முடியாது என்றது தீர்ப்பு. அந்த மக்கள் முதலில் போனது உட்கோட்ட மாஜிஸ்திரேட்டிடம், பொதுத் தொல்லை என்று. நம் ஊரில் அது கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. இப்போதைய பி.என்.எஸ்.எஸ். பிரிவு 152. போட்டோ, தேதி, தெருக்காரர்கள் கையெழுத்து, நகராட்சிக்கு முன்பு கொடுத்த மனுவின் ரசீது ஆகியவற்றோடு போனால் போதும். வக்கீல்கூட வேண்டியதில்லை.

1975ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. கோடை விடுமுறையில் உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர் கிருஷ்ணய்யர். அவரைப் பார்க்க வேண்டும் என்று சட்ட அமைச்சர் கோகலே போன் செய்தபோது, மனுவைப் பதிவாளரிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜூன் 24 அன்று நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராக இருக்கலாம், மக்களவையில் வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை. தடையே கொடுத்திருக்கக் கூடாது என்போரும், முழுத் தடை கொடுத்திருக்கலாம் என்போரும் இன்றும் உண்டு. தேர்தல் வழக்குகளில் வழக்கமாகக் கொடுப்பதைத்தான் அவர் பிரதமருக்கும் கொடுத்தார் என்பது என் கருத்து. நாற்காலியைப் பார்த்துக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவர் எழுதியதெல்லாம் நிலைக்கவில்லை. மரண தண்டனையை ஏறக்குறைய மூடிவிடப் பார்த்த 1979ஆம் ஆண்டின் ராஜேந்திர பிரசாத் தீர்ப்பை, அடுத்த வருடமே பச்சன் சிங் வழக்கில் பெரிய அமர்வு ஏற்க மறுத்தது. இந்திய வெளியுறவுப் பணியில் முதல் பெண் அதிகாரி முத்தம்மா, கல்யாணம் செய்துகொள்ளப் பெண் மட்டும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து வந்தபோது, மனு தள்ளுபடியானாலும் அந்த விதியின் ஆணாதிக்கத்தை அவர் கிழித்து எழுதினார். ஒரு பெண் வக்கீலாக அதைப் படித்த நாளில் எனக்கு வந்த நிமிர்வு இன்னும் போகவில்லை. ஓய்வுக்குப் பிறகு 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து நின்று தோற்றார். கொச்சியில் 'சத்கமய' என்ற அவருடைய வீட்டுக்கு மனுவோடு வருகிறவர்கள் கடைசிவரை வந்துகொண்டே இருந்தார்கள்.

எனக்கு அவரிடம் ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. அவருடைய ஆங்கிலம். லத்தீன், சமஸ்கிருதம், அவரே உண்டாக்கிய சொற்கள் என்று வாக்கியங்கள் சுழன்றுகொண்டே போகும். அகராதியோடு உட்கார்ந்தால்தான் ஒரு பக்கம் நகரும். கொத்தனாருக்காக எழுதிய தீர்ப்பைப் படித்த வக்கீலுக்கே மூச்சு வாங்கினால், கொத்தனார் என்ன செய்வார்? அதனால் மோத்தி ராம் தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தி தெரிந்த ஒரு ஜூனியர் அதை இந்தியிலும் எழுதித் தந்தார். ரிமாண்ட் ஆனவரின் வீட்டார் வரும்போது என் குமாஸ்தா அதைக் கையில் கொடுத்துவிடுவார்.

அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது. உங்கள் ஊர் ஆவணம் எந்த மொழியில் இருந்தாலும் கொண்டு வாருங்கள், மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஆள் வெளியே வராவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். யார் கேட்டாலும் காசு கொடுத்து ஜாமீன்தாரர் பிடிக்காதீர்கள். கீழே 15100 என்ற எண்ணும், வழக்கு எண் எழுத ஒரு காலியிடமும் இருக்கும்.